கணிதக் கடலில் மணி எடுத்த மகாவீராசாரியர்

மகாவீரர் ஜயந்தி மலரில் இத்தலைப்பைக் கண்டவுடன், நம் இருபத்து நான்காம் தீர்த்தங்கரரின் திருவரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது போலும் என்று வாசகப் பெருமக்கள் எண்ணுதல் இயல்பு. இங்கே கூறப்படுபவர் அப்பெருமானின் திருப்பெயரைத் தாங்கி, அவர் நிர்வாணம் எய்தி ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழிந்தபின் இராட்டிரகூடப் பேரரசில் வாழ்ந்த கணித ஆசாரியர். கடையில் நின்று விலை கேட்பவனுக்கும், கூலி வாங்குபவனுக்கும், கடன் கொடுத்தவனுக்கும் கடன் பட்டவனுக்கும் ஒருங்கே பயன்படும் கணக்கை நூலாக யாத்தவர். நூலின் பெயர் கணிதசார சங்கிரகம். கணித வரலாறு எழுதுவோர் உலகெங்கும் அவர் பெயரை மதிப்புடன் குறிக்கின்றனர். நம் தமிழ்ச் சமணக் குடும்பங்களிலோ அப்பெயரைச் சொன்னால் வியந்து பார்ப்பவரே மிகுதி. பணி ஓய்வு பெறும்வரை நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன்.

அவரிடம் என்னைக் கொண்டு சேர்த்தவள் ஒரு மாணவி. நான் தமிழ் முதுகலை பயின்று தமிழாசிரியனாகப் பணிபுரிந்தவன். ஆம்பூரை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், கணக்காசிரியர் விடுப்பில் செல்லும் நாள்களில் ஏழாம் வகுப்பை என்னிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அசையும் சீரும் எண்ணத் தெரிந்தவனுக்குக் கணக்கும் வந்துவிடும் என்பது தலைமையாசிரியரின் நம்பிக்கை. அன்றைய பாடம் ஓரலகு முறை. பன்னிரண்டு குறிப்பேடுகளின் விலை இவ்வளவு எனில் ஐந்து குறிப்பேடுகளின் விலை யாது என்னும் வகைக் கணக்குகள். முதலில் வகுப்பதா பெருக்குவதா என்ற மயக்கத்தில் பிள்ளைகள் பலர் தவித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, இந்தக் கணக்கைத் தன் தாயின் கூலிக்கும் போடலாமா என்று கேட்டாள்.

அவள் தாய் வீட்டிலிருந்தே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுப்பவர். அதுவரை ஒரு ஜோடிக்கு 6 ரூபாய். அவ்வாரம் முதல் ஜோடிக் கணக்கு இல்லை. 12 ஜோடி கொண்ட ஒரு கட்டுக்கு 66 ரூபாய் என்று வேலை கொண்டுவந்து கொடுப்பவர் சொல்லியிருந்தார். ஆறு என்ற எண்ணைக் கேட்டுப் பழகிய காதுக்கு அறுபத்தாறு பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. கரும்பலகையில் அந்தப் பெண்ணே 66ஐப் பன்னிரண்டால் வகுத்தாள். 5 ரூபாய் 50 பைசா. ஒரு ஜோடிக்கு 50 பைசா குறைந்திருந்தது. வகுப்பில் சிறிது நேரம் ஒலியே இல்லை. மறு வாரம் அவளைக் கண்டபோது, தாய் கேட்டதற்குக் கட்டுக்கு 70 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள் என்றாள். அப்பொழுதும் ஜோடிக்கு ஏறத்தாழ 17 பைசா குறைவுதான் என்பதையும், நான் கேட்காமலே, அவளே சொன்னாள்.

தோல் தொழில் நம் அகிம்சை நெறிக்கு உவந்ததன்று. அத்தொழில் செழித்த பாலாற்றங்கரைக்கு இத்தனை அருகில் இருந்தும் நம்மவர் பெரும்பாலும் உழவிலும் ஆசிரியப் பணியிலும் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் என் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் பலரின் வீட்டு அடுப்பு அத்தொழிலால்தான் எரிந்தது. அவர்களுக்கு ஒன்றன் விலையைக் காணும் கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஓய்வு பெற்றபின் ஒரு நூலகத்தில் கணிதசார சங்கிரகத்தின் பழைய சென்னைப் பதிப்பைத் தற்செயலாகப் புரட்டியபோது, அதன் ஐந்தாம் அதிகாரம் முழுவதும் அந்தக் கணக்கே என்பதைக் கண்டேன். அன்றிலிருந்து அந்நூலை விட்டு நீங்கவில்லை.

இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் ஏறத்தாழ கி.பி. 814 முதல் 878 வரை மானியகேடத்திலிருந்து ஆண்டவன். இன்று கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்று வழங்கும் சிற்றூரே அத்தலைநகரம். அரேபிய வணிகரான சுலைமான் 851இல் எழுதிய குறிப்பில், உலகின் நான்கு பேரரசர்களுள் ஒருவனாக இராட்டிரகூட மன்னன் எண்ணப்படுகிறான். கன்னடத்தின் பழைய இலக்கண நூலான கவிராஜமார்க்கம் அவன் அவையில் தோன்றியது. ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாசாரியர் அவனுக்குக் குருவாக விளங்கினார். அவர் விட்டுச்சென்ற மகாபுராணத்தை அவர்தம் மாணவர் குணபத்திரர் நிறைவு செய்தார். இறுதிக் காலத்தில் மன்னன் அரசையே துறந்தான் என்பது பிரசுனோத்தர ரத்தினமாலிகையால் அறியப்படும் செய்தி. ஆகமத்துக்கு உரையும், புராணமும், இலக்கணமும் ஒரே தலைமுறையில் பெருகிய அக்காலத்தில்தான் நம் ஆசாரியர் கணிதத்தைக் கையில் எடுத்தார்.

தம் நூலின் தொடக்கத்தில் அவர் பகவான் மகாவீரரை எண்ணறிவை விளக்காக ஏந்தியவராகப் போற்றி வணங்குகிறார். அடுத்து அமோகவர்ஷனின் ஆட்சியை வாழ்த்துகிறார். அவ்வாழ்த்தைக் கொண்டே நூலின் காலம் ஏறத்தாழ கி.பி. 850 என்று அறிஞர் கணித்தனர். தாய் தந்தையர் பெயர், பிறந்த ஊர் என எதனையும் அவர் எழுதிவைக்கவில்லை. உலகத்து எண்களையெல்லாம் எண்ணியவர் தம் வயதைக்கூட நமக்குச் சொல்லாமல் போய்விட்டார்! ஆதலின் அவர் வாழ்க்கையைத் தேடுவார் அவர் போட்ட கணக்குகளுக்குள்ளேயே தேடவேண்டும்.

அக்காலத்தையும் அவ்விடத்தையும் நமக்குத் தொலைவானவை என்று கருத வேண்டா. காட்பாடி வட்டத்தில், மேற்பாடிக்கு அருகே உள்ள வள்ளிமலைக்கு நம்மில் பலர் சென்று வந்திருப்போம். அங்குப் பாறையில் அமைந்த ஜினாலயத்தைத் தோற்றுவித்தவன் கங்க மன்னன் இராஜமல்லன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதுவும் ஒன்பதாம் நூற்றாண்டுப் பணியே. அக்கங்கர் குலத்து இளவரசன் பூதுகனுக்கு அமோகவர்ஷன் தன் மகளை மணம் செய்து கொடுத்தான். வள்ளிமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற அதே நூற்றாண்டில், அக்கங்கரோடு மணவுறவு கொண்ட பேரரசன் நிழலில், கணிதசார சங்கிரகம் எழுதப்பட்டது.

அந்நூல் வருமுன் இந்நாட்டில் கணக்கு பெரும்பாலும் வானநூலின் ஒரு பகுதியாகவே இருந்தது. 499இல் ஆரியபடரும், 628இல் பிரமகுப்தரும் கோள்களின் கதியைக் கூறும் நூல்களுக்குள் கணிதத்தை அதிகாரங்களாக வைத்தனர். மகாவீராசாரியரோ விண்மீன்களை விட்டுவிட்டு, கணக்கை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒன்பது அதிகாரங்களில் தனி நூல் செய்தார். அவ்வகையில் முற்பட்டு முழுமையாகக் கிடைக்கும் நூல்களுள் அது தலைசிறந்தது என்பது என் கருத்து. சமையல், மருத்துவம், இசை, கூத்து, கட்டடக் கலை, யாப்பு என்று மனிதர் கைவைக்கும் எத்துறையும் எண்ணின்றி இயங்காது என்று அவர் தொடக்கத்தில் அடுக்கிச் செல்லும்போது, யாப்பையும் அதனுள் சேர்த்தமைக்காகத் தமிழாசிரியனாகிய நான் மகிழ்ந்தேன். தலைமையாசிரியரின் நம்பிக்கை வீணன்று! முன்னோர் அறிவென்னும் கடலிலிருந்து மணிகளைப் போலச் சிறிது எடுத்துத் தருவதாகவே அவர் தம் பணியைக் கூறிக்கொள்கிறார். நூல் அளவிற் சிறிது, பயனிற் சிறிதன்று என்ற குறிப்பும் உடன் வருகிறது. அடக்கத்திலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

முதல் அதிகாரம் அளவைகளைக் கூறுகிறது. பரமாணுவில் தொடங்கி விரலளவு, காலத்தின் அளவு, தானியத்தின் அளவு, பொன் வெள்ளியின் நிறை என வளர்ந்து, ஒன்று பத்து நூறு என்று 24 இடங்கள் வரை எண்களுக்குப் பெயர் சூட்டுவதோடு அது முடிகிறது. பரமாணுவை அளவின் தொடக்கமாக வைத்ததில் நம் ஆகமப் பயிற்சி தெரிகிறது. அடுத்தடுத்துக் கூட்டல் பெருக்கல் முதலியனவும் பின்னங்களும் வருகின்றன. வெவ்வேறு பகுதிகளை உடைய பின்னங்களை ஒன்றுபடுத்த, இன்று நாம் மீச்சிறு பொது மடங்கு என்று கற்பிப்பதனை அவர் அங்கே பயன்படுத்துகிறார். பெருக்கல் பகுதியில் பிள்ளைகளை மகிழ்விக்கும் ஒரு விளையாட்டும் உண்டு. 12345679ஐ 9ஆல் பெருக்கினால் 111111111 வரும். 152207ஐ 73ஆல் பெருக்கினால் 11111111 வரும். இத்தகைய விடைகளை அவர் கழுத்தணிகளாகக் காண்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோலத் தோன்றுவது மாலைதானே.

ஐந்தாம் அதிகாரத்துக்கு வருவோம். அதன் பெயர் திரைராசிகம்; மூன்று எண்களை வைத்து நான்காவதைக் காணும் விதி. விலை சொல்லப்பட்ட பொருளின் அளவு பிரமாணம். அதற்குரிய விலை பலம். நாம் வாங்க விரும்பும் அளவு இச்சை. இச்சையைப் பலத்தால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை. விதி ஆரியபடர் காலத்திலேயே இருந்தது. இந்நாட்டிலிருந்து அது அரபு நாடுகளுக்குச் சென்றது; அல்பிரூனி என்னும் பேரறிஞர் இந்தியரின் திரைராசிகத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஐரோப்பிய வணிகர் பின்னாளில் அதனைப் பொன் விதி என்று கொண்டாடினர். மகாவீராசாரியர் செய்தது, அவ்விதிக்கு ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கி, ஆள் மிகுந்தால் நாள் குறையும் என்பது போன்ற தலைகீழ் விதியையும், ஐந்து, ஏழு, ஒன்பது எண்களை வைத்துச் செய்யும் விரிவுகளையும் படிப்படியாக வைத்ததே.

நாம் வகுப்பறையில் கற்பிக்கும் ஓரலகு முறையும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். பொருள் ஒன்று, வரிசை வேறு. நாம் முதலில் வகுத்து ஒன்றன் விலையைக் கண்டு, பிறகு பெருக்குகிறோம். அவர் முதலில் பெருக்கிக் கடைசியில் வகுக்கிறார். இதனால் என்ன வேறுபாடு? ஒன்பது அன்னங்களின் விலை 7 பணம் என்க. 45 அன்னங்களுக்கு எவ்வளவு? ஓர் அன்னத்தின் விலையைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் புள்ளிக்குப் பின் ஏழு ஏழாக முடிவின்றிச் செல்லும். பிள்ளை சலித்துப்போய் 0.78 என்று நிறுத்திப் பெருக்கினால் 35.10 வரும். ஆசாரியர் வழியில் 45ஐ 7ஆல் பெருக்கி 315 ஆக்கி, ஒன்பதால் வகுத்தால் நேராக 35. ஒன்றன் விலையைக் காண்பது பொருளை விளங்கிக்கொள்வதற்கு நல்லது. கடைசியில் வகுப்பது பிழை புகாமைக்கு நல்லது. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நான் பணியிலிருந்த காலத்தில் இதனை அறியாமற் போனேன்.

அவர் காலத்துக் கடைத்தெருவில் விலையைப் பெரும்பாலும் ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்வதில்லை போலும். இத்தனை பொருளுக்கு இத்தனை பணம் என்றே கணக்குகள் வருகின்றன. இன்றும் வேலூர்க் கடைவீதியில் எலுமிச்சம்பழம் பத்து ரூபாய்க்கு மூன்று என்றுதான் கூவி விற்கிறார்கள். அடுத்த கடையில் இருபது ரூபாய்க்கு ஏழு என்று கூவினால், எது மலிவு என்பதைக் கூட்டத்தில் நின்று உடனே சொல்லக் கூடியவர் எத்தனை பேர்? அந்த இடைவெளியில்தான் வாங்குபவன் ஏமாறுகிறான். பொட்டலப் பொருள்களின் உறைமேல் மொத்த விலையோடு ஓரலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டின் எடையளவு விதிகளில் 2021இல் திருத்தம் செய்யப்பட்டது. பிஸ்கட் உறையில் ஒரு கிராம் விலை என்று சிறு எழுத்தில் இருப்பதைப் பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள். அரசு இப்பொழுது உறையில் எழுதச் சொல்வதனை, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசாரியர் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் எழுத முயன்றார்.

இது வெறும் கெட்டிக்காரத்தனம் மட்டுமா? சிராவகர்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் களவாமை ஒன்று. உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் அவ்விரதத்துக்கு நேரும் ஐந்து அதிசாரங்களை எண்ணும்போது, அளவையும் நிறையையும் கூட்டியும் குறைத்தும் வழங்குவதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். நம் தமிழ் அருங்கலச்செப்பும் சிராவகர் விரதங்களை விரித்துரைக்கும் நூலே. கொடுக்கும்போது சிறிய படி, வாங்கும்போது பெரிய படி வைத்திருப்பவன் பிறன் பெட்டியை உடைக்கவில்லை. ஆயினும் களவின் எல்லையில் நிற்கிறான். ஜோடிக் கணக்கைக் கட்டுக் கணக்காக்கி ஐம்பது பைசாவை மறைத்தவர் எந்தப் படியையும் தொடவில்லை, எண்ணையே படியாக்கிக்கொண்டார். விரதத்தைக் காக்க நினைப்பவனுக்கும் கணக்கு வேண்டும். விரதம் காவாதவனிடம் அகப்பட்டவனுக்கு அதனினும் வேண்டும். வணிகரும் துறவியரும் ஒருங்கே வாழ்ந்த ஒரு சமயத்திலிருந்து இப்படி ஒரு நூல் எழுந்ததில் எனக்கு வியப்பில்லை.

கணக்குகளின் சுவையைச் சிறிது காட்ட வேண்டும். ஒன்பது நாரத்தம்பழமும் ஏழு விளாம்பழமும் சேர்ந்து 107. ஏழு நாரத்தமும் ஒன்பது விளாவும் சேர்ந்து 101. ஒவ்வொன்றின் விலை யாது? கலந்து சொன்ன விலையிலிருந்து ஒன்றன் விலையைப் பிரித்தெடுக்கும் கணக்கு இது. அவர் தரும் வழி மிக எளிது. பெரிய தொகையைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்குக: 107ஐ 9ஆல் பெருக்க 963. சிறிய தொகையைச் சிறிய எண்ணிக்கையால் பெருக்குக: 101ஐ 7ஆல் பெருக்க 707. வேறுபாடு 256. ஒன்பதின் வர்க்கத்திலிருந்து ஏழின் வர்க்கத்தைக் கழிக்க 32. 256ஐ 32ஆல் வகுத்தால் ஒரு நாரத்தம்பழத்தின் விலை 8. விளாம்பழம் 5 என்பது தானே வரும். எட்டாம் வகுப்புக்கு மேல் இரு சமன்பாடுகள் எழுதி நாம் செய்வதை, எக்ஸும் ஒய்யும் இல்லாமல் நான்கு வரிகளில் முடித்துவிட்டார்.

இன்னொன்று, அரசகுமாரன் விளையாடுவதற்குப் பறவை வாங்கச் சென்றவனின் கணக்கு. புறா 5க்கு 3 பணம்; சாரசம் 7க்கு 5; அன்னம் 9க்கு 7; மயில் 3க்கு 9. நூறு பணத்துக்குச் சரியாக நூறு பறவைகள் வேண்டும். 15 புறா, 28 சாரசம், 45 அன்னம், 12 மயில் வாங்கினால் பறவையும் நூறு, பணமும் நூறு. பறவைகளைக் கூண்டில் அடைப்பது நமக்கு உவப்பானதன்று; உலக வழக்கை உள்ளபடி எடுத்துக்கொண்டே அவர் கணக்குச் செய்தார். தோல் ஊரில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான் அதனைக் குறையாகச் சொல்ல இயலாது.

பாம்பின் கணக்கைப் பிள்ளைகள் மிக விரும்புவர். 80 விரல் நீளமுள்ள கரும்பாம்பு, ஒரு நாளின் பதினான்கில் ஐந்து பங்கு நேரத்தில் ஏழரை விரல் வளைக்குள் நுழைகிறது. அதற்குள் அதன் வால் கால் நாளுக்கு இரண்டே முக்கால் விரல் வளர்ந்துகொண்டே போகிறது! எப்பொழுது முழுவதும் உள்ளே போகும்? எல்லாவற்றையும் ஒரு நாளுக்கு என்று மாற்றிக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது. நாளொன்றுக்கு 21 விரல் நுழைகிறது, 11 விரல் வளர்கிறது, மிச்சம் 10. எனவே 8 நாள். ஒன்றைக் காண்பதன் ஆற்றல் இக்கணக்கில் விளங்குவதுபோல் வேறெங்கும் எனக்கு விளங்கியதில்லை.

ஆறு சுவைகளை எத்தனை விதமாகக் கலக்கலாம் என்ற கணக்கும் அவரிடம் உண்டு. பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை எண்ணுதற்குப் பொது விதியையே வகுத்தார். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை, ஏனெனில் அஃது இயல்பாகவே எதன் வர்க்கமும் ஆகாது என்று தெளிந்து கூறினார். பிழைகளும் உள. ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்றார், அது தவறு. பின்வந்த பாஸ்கரர் 1150 அளவில் அவ்விடத்தில் முடிவிலியை நோக்கி நகர்ந்தார். நீள்வட்டத்தின் பரப்புக்கு அவர் தந்த விதியும் பொருந்தாது. நம்மவர் என்பதற்காக இவற்றை மறைத்துச் சொல்வது நற்ஞானத்துக்கு ஏலாது. அவரும் அதனை விரும்பியிரார்.

நூலின் பின்வரலாறு சுவையானது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் தந்தார். அவர் சைவர்; ஜினரை வணங்கும் இடங்களில் சிவபெருமானை வைத்துக்கொண்டார், கணக்கை மாற்றவில்லை. வல்லபர் என்பவர் கன்னடத்தில் உரை எழுதினார். பிறகு நெடுங்காலம் அந்நூல் ஓலைக் கட்டுகளில் உறங்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பாளராகவும் இருந்த ரங்காசாரியரை, அப்போதைய கல்வித்துறை இயக்குநர் ஸ்டூவர்ட், நூலகத்தில் பழைய கணித நூல்கள் உண்டா என்று பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அவ்வாறு தேடியபோது கைக்கு வந்தது இந்நூல். அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித் 1908இல் ரோமாபுரியில் கூடிய கணித அறிஞர் பேரவையில் இதனைப் பற்றிப் பேசினார். 1912இல் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தன. ரங்காசாரியர், ஸ்ரீபாஷ்யத்தை ஆங்கிலத்தில் ஆக்கும் பணியிலும் ஈடுபட்ட வைணவ அறிஞர். சைவர் ஒருவர் தெலுங்குக்கும் வைணவர் ஒருவர் ஆங்கிலத்துக்கும் கொண்டுசென்ற சமண நூல் இது! நம்மவர் பங்கும் உண்டு: 1963இல் இலட்சுமி சந்திர ஜைன் செய்த இந்திப் பதிப்பு சோலாப்பூரிலிருந்தும், 2000இல் பத்மாவதம்மா அவர்களின் கன்னடப் பதிப்பு ஹொம்புஜ ஜைன மடத்திலிருந்தும் வந்தன.

ரங்காசாரியருக்குக் கிடைத்த சுவடிகள் ஐந்து. மூடபித்ரி ஜைன மடத்தில் காக்கப்பட்ட ஒன்றும், ஒரு ஜைன பண்டிதரிடமிருந்த ஓலையைப் பார்த்து மைசூரில் எழுதப்பட்ட ஒன்றும் முழுமையானவை. சென்னை நூலகத்திலேயே இருந்த மூன்றும் குறைப் படிகள். அம்மூன்றனுள் இரண்டு கன்னட எழுத்தில் உள்ள ஓலைகள். மற்றொன்று காகிதத்தில், நம் தமிழ்நாட்டுக்கே உரிய கிரந்த எழுத்தில், வடமொழி உரையோடு எழுதப்பட்டது. அதனை எழுதியவர் யாரோ, எந்த ஊரில் யாருக்குக் கற்பிக்க எழுதினாரோ, நம்மோடு பேச அவர் ஒரு பெயரையும் விட்டுச் செல்லவில்லை. அதில் முதல் ஐந்து அதிகாரங்கள் உள்ளன. ஐந்தாவது திரைராசிகம்.